அழைக்காமல் வந்த முப்பத்தொரு சொற்கள்

ஒரு சட்டையை அயன் பெட்டியால் மினுக்கி முடிக்க மேரிசாந்திக்கு நாலரை நிமிடம் போதும். முதலில் காலர், பிறகு தோள், கைமடிப்பு, கை, முதுகு, கடைசியாகப் பொத்தான் பக்கம். லண்டனின் தெற்கே மிச்சம் என்ற ஊரில், ட்ராம் பாதையை ஒட்டிய ஒரு சலவைக்கடையின் பின்னறையில் பதினொரு வருடமாக இந்த வரிசை மாறியதில்லை. மாறியது சுவர்தான். அயன் மேசைக்கு நேரே முன்பு மாதா படம் இருந்தது. இப்போது மாதா ஒரு முழம் இடப்பக்கம் தள்ளிப் போய்விட்டார். அந்த இடத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. நீராவி பட்டுப்பட்டு விளிம்பெல்லாம் சுருண்டுபோன அந்தத் தாளில், ஒரே எழுத்துகளில் தொடங்கும் ஆங்கிலச் சொற்கள் மேலிருந்து கீழாக நிற்கும். கிழமைக்கு ஒரு தாள், அகராதியைப் பார்த்து அவளே எழுதுவது.

சட்டையோடு சொல்லும் போகும். காலருக்கு GNAR, GNAT. இடது கைக்கு GNAW. வலது கைக்கு GNOW. முதுகுக்கு GNUS. சட்டை கொழுவியில் ஏறும்போது நாலெழுத்துக்காரர் எல்லோரும் மனதில் ஏறியிருப்பார்கள். அடுத்த சட்டைக்கு ஐந்தெழுத்துக்காரர்.

அவற்றின் பொருள் அவளுக்குத் தெரியாது. தெரிய வேண்டும் என்றும் அவள் நினைத்ததில்லை.

"CWM எண்டா என்ன?" என்று ஒருநாள் அவளுடைய புருஷன் பீற்றர் கேட்டார். பஸ் ஓட்டுகிறவர், வீட்டில் ஆங்கிலத்துக்குப் பொறுப்பான ஆள்.

"தெரியாது."

"பிறகு என்னத்துக்கு அதைப் பாடமாக்கிறீர்?"

"அது சின்ன வீடப்பா. CWM, CWMS, CWTCH, பிறகு அந்தக் கடைசி ஆளின்ரை பிள்ளையள் மூண்டு பேர். அவ்வளவுதான். எல்லாரையும் எனக்குத் தெரியும்."

அவள் சொன்னது விளையாட்டுக்கில்லை. கோயிலில் அவள் இருப்பது கடைசி வாங்கில். ஊரில், பேசாலையில், எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோன காலத்திலிருந்தே அவள் பின்வாங்குக்காரி. பின்னால் இருந்தால் யாரோடும் கதைக்கத் தேவையில்லை, எல்லோரையும் பார்க்கலாம். எந்தக் குடும்பத்தில் யார் வந்திருக்கிறார், யாருக்குத் தடிமன் இருமல், எந்த வாங்கில் புதிதாக ஒரு மருமகன் இருக்கிறார் என்பதைப் பூசை முடிவதற்குள் கணக்காகச் சொல்லிவிடுவாள். அவர்கள் என்ன வேலை செய்கிறார்கள், எவ்வளவு படித்தவர்கள் என்று கேட்டால் தெரியாது. யார் எந்த வீட்டு ஆள் என்பது தெரியும். ஆங்கிலச் சொற்களையும் அவள் அப்படித்தான் பிடித்துக்கொண்டாள். GN ஒரு வீடு. KN ஒரு வீடு. WR, PS எல்லாம் ஒவ்வொரு வீடு. இந்த வீடுகளில் அவளுக்குத் தனி விருப்பம். வாசலில் நிற்கிற முதல் ஆள், அந்த முதல் எழுத்து, வாயே திறப்பதில்லை. ஆனால் அவர் இல்லாமல் அந்தக் குடும்பம் இல்லை.

இதெல்லாம் தொடங்கியது கோயிலின் பங்கு மண்டபத்தில். வியாழன் பின்னேரங்களில் அங்கே தமிழ்ச் சனம் கூடி, எழுத்துக் கட்டைகளால் சொல் கட்டுகிற ஸ்க்ராபிள் விளையாடும். கத்தோலிக்கர், சைவக்காரர் என்று பார்ப்பதில்லை. தேத்தண்ணி, பிஸ்கற், நாலு பலகை. மினுக்கிய பீடத் துணிகளைக் கொடுக்க வந்த மேரிசாந்தியை, ஒரு பலகைக்கு ஆள் குறைகிறது என்று மாலினி கையைப் பிடித்து இருத்திவிட்டாள். மாலினிதான் அந்த மன்றத்தின் செயலாளர், பொருளாளர், ஒலிபெருக்கி எல்லாம்.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாது அக்கா."

"இஞ்சை ஆருக்குத் தெரியும்? இரும்."

ஆறு மாதத்தில் நிலைமை தலைகீழானது. மேரிசாந்தி CWM வைத்தாள். உடனே "சலன்ஜ்!" என்று கை உயர்ந்தது. இந்த விளையாட்டில் அது ஒரு உரிமை. எதிராளி வைத்த சொல்லில் சந்தேகம் வந்தால் சலன்ஜ் என்று சொல்லி அகராதியைத் திறக்கலாம். சொல் பொய்யானால் வைத்தவர் அதை எடுக்க வேண்டும். மெய்யானால் கேட்டவருக்கு ஒரு தரம் போய்விடும். CWM மெய்யாக இருந்தது. PSOAS மெய்யாக இருந்தது. KNUR மெய்யாக இருந்தது. எட்டுப் பேர் எட்டுத் தரம் இழந்த பிறகு அவளிடம் யாரும் சலன்ஜ் கேட்பதில்லை. தடித்த அகராதி மேசையை விட்டு இறங்கி, தேத்தண்ணி வைக்கிற கேத்தில் ஆடாமல் இருக்க அதற்கு அடியில் போய்ச் சேர்ந்தது.

அதேபோல, மேரிசாந்தியும் யாரிடமும் சலன்ஜ் கேட்டதில்லை. தெரியாமல் அல்ல. ஒரு மனிதரின் முகத்துக்கு நேரே, "நீங்கள் சொன்னது பொய்" என்று எப்படிச் சொல்வது? அதுவும் சச்சிதானந்தன் சேரின் முகத்துக்கு?

சச்சி சேர் முப்பது வருடம் கணிதம் படிப்பித்தவர். மிச்சத்தில் பாதிப் பேருக்கு அவர் சேர், மீதிப் பேரின் பிள்ளைகளுக்கு அவர் சேர். ஒருநாள் அவர் அவளுக்கு எதிரே இருந்து GNIT என்று வைத்தார். வைத்துவிட்டு, அவள் கேட்காமலே விளக்கினார்.

"இது பிள்ளை, வலை பின்னேக்கை விழுற சின்ன முடிச்சு. பெரிய முடிச்சில்லை. பெரிய முடிச்சுக்கு வேறை பேர்."

மேரிசாந்தியின் தகப்பன் கடற்தொழிலாளி. அவள் வலைக்குள் பிறந்து வலைக்குள் வளர்ந்தவள். GN வீட்டில் அப்படி ஒரு ஆள் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் சேர் அந்த முடிச்சை இரண்டு விரலால் காற்றில் போட்டுக் காட்டினார். அவ்வளவு வடிவாகப் போட்டார். அவர் பொய் சொல்கிறவர் அல்ல. விளக்கி முடிக்கும்போது அவரே நம்பிவிடுகிறவர். மேரிசாந்தி சிரித்தாள். "ஓம் சேர்" என்றாள்.

ஆனால் கண்ட ஒன்றைக் காணாதது போல விடவும் அவளால் ஏலாது. கடையில் கணினி வந்த பிறகு மிஞ்சிப்போன, உடுப்பு ரசீதுக்கான பழைய இளஞ்சிவப்பு ரிக்கற் புத்தகங்கள் ஒரு பெட்டி நிறையக் கிடந்தன. ஒவ்வொரு ரிக்கற்றிலும் இரண்டு பாதி. ஒன்று உடுப்போடு குத்துவது, மற்றது உடுப்புக்காரர் கொண்டுபோவது. ட்ராமில் வீட்டுக்குப் போகும்போது அவள் இரண்டு பாதியிலும் எழுதினாள்: GNIT. சச்சி சேர். மாசி 9. வீடு: GN. அந்த வீட்டு ஆள் இல்லை. எழுதி ஒரு தகரப் பிஸ்கற் ரின்னில் போட்டாள். மனம் ஆறிவிட்டது.

பிறகு WRUNE வந்தது. "மழைக்கு முதல் வானம் கறுக்கிறது" என்றார் சேர். KNELM வந்தது. மாலினி CWIL என்று ஒன்று வைத்தாள். விளக்கம்கூடச் சொல்லவில்லை, கண்ணை மட்டும் உருட்டினாள். இளையவள் ரஞ்சனா PSOM என்று வைத்துவிட்டு, "பாம்பு மாதிரி ஒண்டக்கா" என்றாள். இரண்டு வருடத்தில் ரின்னுக்குள் முப்பத்தொரு ரிக்கற்: சேருடையது பதினாலு, மாலினியுடையது எட்டு, ரஞ்சனாவுடையது ஆறு, மீதி அங்கொன்று இங்கொன்று.

இதில் ஒரு கோளாறு நடந்துகொண்டிருந்ததை மேரிசாந்தி கவனிக்கவில்லை. எல்லோரையும் கவனிக்கிறவள் தன்னைக் கவனிக்கவில்லை.

லண்டனின் மறுபக்கத்து ஹரோ மன்றத்தோடு வருடாந்தப் போட்டிக்கு மூன்று கிழமை இருக்கும்போதுதான் அது வெளிவந்தது. ஹரோக்காரர் கெட்டிக்காரர். டொக்டர்மார், கணக்காளர்மார், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை விட்டுவிட்டு அந்த இரண்டு மணித்தியாலமும் பயிற்சி செய்கிற ஆட்கள். தோற்ற பக்கம் வென்ற பக்கத்துக்கு நூறு மட்டன் ரோல்ஸ் பொரித்துக் கொடுக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். மிச்சம் மன்றம்தான் இரண்டு வருடமாகப் பொரிக்கிறது. இந்த முறை சேர், மாலினி, ரஞ்சனா, நாலாம் பலகைக்கு மேரிசாந்தி என்று முடிவாகியிருந்தது. மாலினி ஒரு தாளைத் தூக்கிக் காட்டினாள்.

"இது எங்கடை ஸ்பெஷல் லிஸ்ற். ஹரோக்காரர் கேள்விப்படாத சொல்லுகள். GNIT, WRUNE, KNELM, CWIL..."

"இதெல்லாம் அகராதியிலை பாத்தாச்சோ?" என்று யாரோ கேட்டார்.

"என்னத்துக்கு? எல்லாம் சாந்திக்கு எதிரா வைச்சது. அவ ஒண்டும் சொல்லேல்லை. அவவுக்கு முழு வீடும் பாடம். அவ விட்டா அது சரியான சொல்லுத்தானே?"

எல்லோரும் தலையாட்டினார்கள். சேரும் ஆட்டினார். கேத்திலுக்கு அடியில் கிடந்த அகராதி பேசாமல் கிடந்தது.

மேரிசாந்தியின் கையில் இருந்த தேத்தண்ணி ஆறிப்போனது. அவளுடைய வாயடைப்பு ஒரு முத்திரையாகி, அந்த முத்திரையோடு முப்பத்தொரு பொய்ச்சொல் ஹரோவுக்குப் புறப்படத் தயாராக நின்றது. ஹரோவில் நடுவர் ஒரு ரப்லெற் கணினி. சொல்லை அடித்தால் பச்சை அல்லது சிவப்பு. சிவப்பு எரிந்தால் சச்சி சேர் அத்தனை பேர் முன்னால் வெட்கப்பட வேண்டிவரும். அதற்கு முன்பே சொன்னால் அவள்தான் அவரை வெட்கப்படுத்தியவள். அந்த வியாழன் மேசையில் அவளுக்குக் கிடைத்த கதிரை, வாழ்க்கையில் முன்வரிசையில் கிடைத்த ஒரே கதிரை, அதோடு போய்விடும்.

சொல்லத்தான் வேண்டும் என்று தீர்மானித்தாள். மாலினிக்குப் போன் எடுத்தாள். மாலினி இருபத்தைந்து நிமிடம் கதைத்தாள். மேரிசாந்தி பதினாறு தரம் "ஓம்" சொன்னாள். போன் வைக்கப்பட்டது. பிறகு வட்ஸ்அப்பில் எழுதினாள். எழுதியதை அழித்தாள். மறுபடி எழுதி, கடைசியில் ஒரு கும்பிடுகிற கையை மட்டும் அனுப்பினாள். அதற்கு மாலினி நாலு இதயம் அனுப்பினாள். ஒரு நாள் சேர் கடைக்கே சட்டை கொண்டு வந்தார். மேரிசாந்தி பின்னறையிலிருந்து வெளியே வந்து, "சேர்..." என்றாள். "என்ன பிள்ளை?" என்றார். "காலருக்குக் கஞ்சி போடவோ சேர்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

போட்டி நாள் வந்தது. ரஞ்சனாவின் புருஷன் சந்திரகுமார் தன்னுடைய வான் வண்டியில் எல்லோரையும் ஏற்றினார். முன்னால் சேர். நடுவில் மாலினியும் ரஞ்சனாவும். கடைசிச் சீற்றில், கேட்க வேண்டுமா, மேரிசாந்தி. மடியில் பிஸ்கற் ரின். ஹாங்கர் லேன் சந்தியில் வாகனங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. மாலினி தாளை எடுத்தாள்.

"சும்மா நிக்கேக்கை ஒருக்காப் படிப்பம். ரஞ்சனா, திருப்பிச் சொல்லும். GNIT!"

"GNIT."

"வலையிலை விழுற முடிச்சு. சேர், சரிதானே?"

"சின்ன முடிச்சு," என்றார் சேர் திரும்பாமல்.

"WRUNE!"

"WRUNE."

"அந்த வீட்டிலை அப்பிடி ஒருத்தரும் இல்லை," என்று பின்னால் ஒரு குரல் கேட்டது.

வானுக்குள் இருந்த நாலு பேரும் அது யார் என்று பார்த்தார்கள். மேரிசாந்தியும் கொஞ்சம் பார்த்தாள்.

"என்ன சொன்னனீர், பிள்ளை?" என்றார் சேர்.

இனி வாயால் முடியாது. அவள் ரின்னைத் திறந்து, ரிக்கற்றுகளின் ஒரு பாதியை மட்டும் கட்டாக மாலினியின் தோளுக்கு மேலால் சேரிடம் நீட்டினாள். சேரின் பதினாலும் றப்பர் வளையம் போட்டுத் தனியாக இருந்தன. சேர் கண்ணாடியைப் போட்டார். முதலாவதைப் படித்தார். இரண்டாவதைப் படித்தார். ஐந்தாவதில் அவருடைய காது சிவந்தது.

மாலினி அடக்கமுடியாமல் சிரித்தாள். "ஐயோ சேர்! பதினாலோ? அந்த முடிச்சைக் கையாலை போட்டுக் காட்டினியளே!"

"மாலினியக்கா, உங்கடை எட்டு," என்று மேரிசாந்தி அடுத்த கட்டை நீட்டினாள்.

சிரிப்பு நின்றது. இப்போது ரஞ்சனா சிரித்தாள். தன்னுடைய ஆறு கைக்கு வரும்வரை. "PSOM-ஐயும் எழுதி வைச்சிருக்கிறா! திகதியோடை!"

"அப்ப நான் இவ்வளவு தூரம் பொய்யையே ஏத்திக்கொண்டு வாறன்?" என்றார் சந்திரகுமார்.

"நீங்கள் றோட்டைப் பாருங்கோ," என்றாள் ரஞ்சனா.

சேர் ரிக்கற்றுகளை மடியில் அடுக்கினார். "ஏன் பிள்ளை அப்பவே சொல்லேல்லை? ரெண்டு வருஷம்!"

மேரிசாந்தி ரின்னை மூடினாள். "நீங்கள் அந்த முடிச்சை அவ்வளவு வடிவாப் போட்டனீங்கள், சேர். எங்கடை அப்பாவுக்கே அப்பிடி ஒரு முடிச்சு வராது."

சேர் ரிக்கற்றுகளை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். பை புடைத்தது. சந்தி விட்டுக்கொடுத்தது, வான் நகர்ந்தது. மாலினி ஸ்பெஷல் லிஸ்றை எட்டாக மடித்தாள். மேரிசாந்தி, தன் கதிரை போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டு யன்னலால் பார்த்தபடி வந்தாள்.

ஹரோ மண்டபத்தில் நாலு பலகையும் ஒரே வரிசையில். முதலாம் பலகையில் சேர். பாதி ஆட்டத்தில் அவருடைய தட்டில் K, N, E, L, M ஐந்தும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன; பலகையில் மும்மடங்குப் புள்ளி தருகிற பெட்டி வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது. சேர் அந்தப் பெட்டியைப் பார்த்தார். சட்டைப் பையைத் தடவினார். ELM என்று வைத்து ஐந்து புள்ளி எடுத்தார். நேர்மையாகத் தோற்றார். ரஞ்சனாவும் தோற்றாள். மாலினி எதிராளியைக் கதைத்தே களைக்கப்பண்ணி வென்றாள். இரண்டுக்கு ஒன்று. நாலாம் பலகை மட்டும் இன்னும் முடியவில்லை. எல்லோரும் அதைச் சுற்றி வந்து நின்றார்கள்.

மேரிசாந்திக்கு எதிரே ஹரோவின் தலைவி தவநாயகி அம்மா, ஓய்வுபெற்ற பல் டொக்டர். மிச்சத்தின் நாலாம் பலகை வாய் திறக்காது என்பது ஹரோவரைக்கும் தெரிந்திருந்தது. புள்ளி கிட்டக்கிட்ட. பையில் கட்டை முடிந்துவிட்டது. தவநாயகி அம்மா தன்னிடம் மிஞ்சிய நாலு கட்டையையும் பலகையில் கிடந்த ஒரு R-ஐச் சுற்றி, ஒவ்வொன்றாக, ஒலிக்காமல் வைத்தார்.

WRUNE.

"மழைக்கு முதல் வானம் கறுக்கிறது," என்றார் மலர்ந்த முகத்தோடு. "எங்கடை மன்றத்து ஜதுர்ஷிகா சொல்லித் தந்தவ. அவவின்ரை மாமா மிச்சத்திலை பெரிய விளையாட்டுக்காரராம்."

ஜதுர்ஷிகாவின் மாமா மண்டபத்துக் கூரையைப் பார்த்தார்.

மேரிசாந்தி அந்தச் சொல்லைப் பார்த்தாள். ஐப்பசியில் எழுதிய ரிக்கற், அது எழுதப்பட்ட ட்ராம், எல்லாம் நினைவுக்கு வந்தன. தான் வாசலில் நின்று உள்ளே விட்ட ஆள், லண்டனைச் சுற்றிக்கொண்டு வந்து தன் முன்னாலேயே கால் நீட்டி இருக்கிறார். அவள் விட்டால் ஆட்டம் அதோடு முடியும். அவளுடைய கை மேசைத்துணியை ஒருதரம் இடமிருந்து வலமாக மினுக்கியது. காலர். WRAP, WREN, WRIT. கை. WRIST, WRONG. முதுகு. WRUNG. பொத்தான் பக்கம் வரைக்கும் போய்ப் பார்த்தாள். இல்லை. அவள் சேரைப் பார்த்தாள். சேர் கூரையிலிருந்து கண்ணை இறக்கி, அவளுக்கு மட்டும் தெரியும்படி, தலையை ஒரு விரல்கடை அசைத்தார்.

"சலன்ஜ்," என்றாள் மேரிசாந்தி.

சத்தம் அவ்வளவாக வரவில்லை. "என்ன?" என்று தவநாயகி அம்மா காதைக் கொடுத்தார்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அம்மா. சலன்ஜ்."

இந்த முறை பின்சுவர் வரைக்கும் கேட்டது. ரப்லெற்றில் அடித்தார்கள். சிவப்பு. தவநாயகி அம்மா கட்டைகளைத் திரும்ப எடுக்க, மேரிசாந்தி தன்னிடம் இருந்த கடைசி மூன்றையும் வைத்து ஆட்டத்தை முடித்தாள். ஒன்பது புள்ளியால் வெற்றி. இரண்டுக்கு இரண்டு, சமன்.

சமன் வந்தால் யார் ரோல்ஸ் பொரிப்பது என்று ஒப்பந்தத்தில் இல்லை. அதைப் பற்றி மாலினியும் தவநாயகி அம்மாவும் ஒன்றரை மணித்தியாலம் கதைத்து, ஆளுக்கு ஐம்பது என்று முடித்தார்கள்.

வியாழன் மண்டபத்துக்குப் போவதா விடுவதா என்று மேரிசாந்தி யோசித்துக்கொண்டிருந்தாள். போட்டி முடிந்து வந்து வானிலிருந்து இறங்கிக் கலைந்தபோது சேர் அவளோடு ஒரு சொல்லும் கதைக்கவில்லை. புதன்கிழமை மத்தியானம் கடை வாசல் மணி அடித்தது. கவுண்டருக்கு முன்னால் சச்சி சேர் நின்றார். கையில் உடுப்பு ஒன்றும் இல்லை. சட்டைப் பைக்குள்ளிருந்து றப்பர் வளையம் போட்ட பதினாலு ரிக்கற்றையும் எடுத்துக் கவுண்டரில் வைத்தார்.

"பிள்ளை, குடுத்த உருப்படியளை எடுத்துக்கொண்டு போக வந்தனான்."

மேரிசாந்தி அவரைப் பார்த்தாள். பிறகு பின்னறைக்குப் போய் ரின்னோடு வந்தாள். ஒவ்வொரு பாதிக்கும் மற்றப் பாதியைத் தேடி, சரிபார்த்து, இரண்டையும் சேர்த்துக் கம்பியில் குத்தினாள், எந்த வாடிக்கையாளருக்கும் செய்வது போல. பதின்மூன்று குத்தியானது. பதினாலாவதை எடுத்தபோது சேர் அதன் மேல் கையை வைத்தார்.

"இது GNIT," என்றார். "இதை நான் வைச்சுக்கொள்ளட்டே? அந்த GN வீட்டிலை இல்லாட்டிலும், அந்த முடிச்சு நல்ல முடிச்சு."

"அது ரெண்டு விரலாலை போடேலாது சேர்," என்றாள் மேரிசாந்தி. "மூண்டு வேணும்."

"அப்ப அண்டைக்கு ஏன் சொல்லேல்லை?"

"அண்டைக்கு நீங்கள் கேக்கேல்லை."

சேர் சிரித்துக்கொண்டு ரிக்கற்றைப் பைக்குள் வைத்தார். வாசலில் நின்று திரும்பினார். "நாளைக்கு எனக்கு எதிர்ப்பக்கம் நீர்தான். மாலினியிட்டைச் சொல்லிப்போட்டன். கேத்திலுக்கு அடியிலை வேறை ஏதும் வைக்கச் சொல்லியும் சொல்லிப்போட்டன்."

அவர் போன பிறகு மேரிசாந்தி அயன் மேசைக்குத் திரும்பினாள். அடுத்த சட்டையை விரித்தாள். சுவரில் புதிய கிழமைக்குப் புதிய தாள்: PH வீடு. பெரிய குடும்பம். அவள் காலரிலிருந்து தொடங்கினாள்.